பாசி பிடிக்காத தொட்டி

மனிதகுலத்தின் வரலாறு என்பது தூய நீரைத் தேடிய நெடும்பயணத்தின் வரலாறு. அந்தப் பயணம் ஹால்கந்துர தோட்டத்து மேல் லயத்தில் வந்து நிறைவு பெற்றது.

இந்த வாக்கியத்தைத் தங்கையா வெள்ளிக்கிழமை காலையில் இருமல் மருந்துத் துண்டுச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். இரண்டு தரம் உரக்க வாசித்து, "நெடும்பயணம்" வரும் இடத்தில் வலது கையை வீசுவதென்றும் முடிவு செய்தார். வாசித்ததில் தொண்டை காய்ந்துவிட்டது. வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டார். மேல் லயத்துத் தூய நீர்த் திட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமையோடு பத்து வருடம் நிறைகிறது. பத்து வருடத்தில் அதிலிருந்து ஒரு மிடறுகூட அவர் தொண்டையில் இறங்கியதில்லை. அவருடைய குவார்ட்டர்ஸுக்கு மலை ஊற்றிலிருந்து தனிப் பைப்பு.

தங்கையா அந்தத் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுப்பவர். சனங்கள் அவரை டாக்டரய்யா என்றார்கள். வேலைக்குச் சேர்ந்த வருடம், "நான் டாக்டர் இல்ல" என்று திருத்தினார். அடுத்த வருடம் திருத்தவில்லை. ஐந்தாம் வருடத்திலிருந்து, அப்படிக் கூப்பிடாதவர்களுக்கு மருந்து கொடுக்கத் தாமதமானது. இப்போது நிவித்திகல சந்தைக்கு மீன் வாங்கப் போகும்போதும் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் போவார். மீன்காரன் ஒருபோதும் விலை குறைத்ததில்லை.

அந்தப் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது யாரையும் விட்டுவைக்காது. கூரைத்தகரம், கோயில் படி, மூன்று நாள் ஓட்டாத சைக்கிள், எல்லாவற்றிலும் பச்சை ஏறிவிடும். அதிக நேரம் ஓரிடத்தில் நின்றால் கங்காணிமேலும் பாசி பிடிக்கும் என்பது தோட்டத்துப் பகிடி. ஆனால் மேல் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே, சரிவில் கட்டிய தண்ணீர்த்தொட்டி மட்டும் பத்து வருடமாக வெள்ளை வெளேரென்று நின்றது. சங்கத் தலைவர் அழகமுத்து இதை மேடைக்கு மேடை சொன்னார்: "பாசிகூட புடிக்காத சுத்தமுங்க!" வந்த அதிகாரிகள் தலையாட்டிவிட்டு வடை சாப்பிட்டார்கள். பாசி ஏன் பிடிக்கவில்லை என்று கேட்கும் அளவுக்கு அவர்களில் ஒருவருக்கும் சம்பளம் கொடுக்கப்படவில்லை.

தொட்டியின் நெற்றியில் ஒரு கல்வெட்டு. "நீரின் தூய்மையை உறுதிப்படுத்தியவர்: திரு. எஸ். தங்கையா."

பதினொரு மணிக்கு மேல் லயத்து இருளாயி மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, சாக்குப் படங்கை இடுப்பிலிருந்து அவிழ்க்காமலே உள்ளே வந்தாள். மகள் சுகந்தினிக்குப் பதினாறு வயது. அந்தப் புழுக்கத்திலும் கழுத்தைச் சுற்றித் துவாய் கட்டியிருந்தாள்.

"கும்பிடுறேன் டாக்டரய்யா. இவ கழுத்தக் கொஞ்சம் பாருங்க."

துவாயை அவிழ்த்ததும் தங்கையாவுக்குத் தெரிந்துவிட்டது. தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. இதேபோல் பத்து வருடத்தில் பதினொன்று பார்த்திருந்தார். எல்லாம் மேல் லயம். பதினொரு பேரையும் மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத் துண்டெழுதி அனுப்பினார். மூன்று பேர் திரும்பி வந்தார்கள்.

இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். தோலுக்குள் அந்தக் கட்டி மெல்ல மேலே ஏறிக் கீழே இறங்கியது, எதையோ விழுங்குவதுபோல. அவர் பிள்ளையின் வாயைப் பார்த்தார். வாய் திறந்திருந்தது. அவள் எதையும் விழுங்கவில்லை. விரல்களை எடுத்து, யாரும் பார்க்காதபடி காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"வெத்தல போடுவியா?"

"வெத்தலயப் பாத்தாலே ஓங்கரிக்கிற புள்ளைங்க அது," என்றாள் இருளாயி. "எங்க வீட்டுக்காரருக்கும் வெத்தலன்னுதான் எழுதுனீங்க. அந்த மனுசன் வெத்தல போட்டது எங்க கல்யாணத்தன்னைக்கு மட்டுந்தான். அன்னைக்கும் துப்பிட்டாரு."

"இந்தா, நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"ரெண்டு பேருமே இல்லீங்களே ஐயா."

வாசலில் காத்திருந்தவர்களில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். தங்கையா ஸ்டெதஸ்கோப்பைச் சரிசெய்தார்.

"நாலு வரி எழுதிக் குடுங்க, போதும்," இருளாயி குரலைத் தாழ்த்தினாள். "தொட்டித் தண்ணிய நிப்பாட்டிட்டு எங்க பழைய ஊத்துப் பீலியத் தொறந்து விடச் சொல்லி. கீழ் லயத்துல இன்னைக்கும் பீலித் தண்ணிதான். அங்க ஒருத்தருக்காவது இப்புடி வந்திச்சா? நாங்க சொன்னா தொரை கேக்க மாட்டாரு. ஒங்க கையெழுத்துக்குக் கேப்பாரு. இவள நான் மகரகமைக்கு அனுப்புறேன். ஆனா திரும்பி வந்து இதே தண்ணியத்தானேங்க குடிக்கணும்?"

நாலு வரி. நாலு வரி எழுதுவது தங்கையாவுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் அதை எழுதினால் பத்து வருடத்துக்கு முன் எழுதியதைப் பற்றி யாராவது கேட்பார்கள். அப்போது சுகாதாரக் கந்தோரிலிருந்து ஒரு போத்தல் கொடுத்து, தொட்டிக்கு வரும் நிலத்தடித் தண்ணீரில் மாதிரி எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அன்று மழை. தொட்டிக்குப் போகும் வழியெல்லாம் அட்டை. தங்கையாவுக்கு அட்டை என்றால் அருவருப்பு. போத்தலைத் தன் வீட்டுக் குசினிப் பைப்பில் நிரப்பி அனுப்பிவிட்டார். மிகச் சிறந்த நீர் என்று பதில் வந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை, அவருடைய வீட்டுத் தண்ணீர் மிகச் சிறந்ததுதான்.

"தொட்டி கட்டுன எடத்துல முந்தி என்னா இருந்திச்சுன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நெனக்காதீங்க," இருளாயி விடவில்லை. "எங்கப்பா அங்கதான் புல்லுக்கு அடிக்கிற மருந்து கலக்குனாரு. மிஞ்சின மருந்தையும் பீப்பாவையும் அங்கனயே பொதச்சாங்க. அவரு கை வெந்து போயி ஒங்ககிட்டத்தான் களிம்பு வாங்கினாரு."

களிம்பு தங்கையாவுக்கு ஞாபகம் இருந்தது. கை ஞாபகம் வேண்டாமென்று நினைத்தார்.

"ஞாயித்துக்கெழம விழா. பெரிய ஆளுங்க வாறாங்க. இந்த நேரத்துல பீதியக் கெளப்பாத. தைலம் தாறேன், பூசு."

சுகந்தினி மேசைப் பக்கம் திரும்பினாள். "தண்ணி," என்றாள். மேசையிலிருந்த பிளாஸ்கைத் தானே எடுத்தாள். மூடியில் ஊற்றி ஒன்று, இரண்டு, ஐந்து என்று குடித்து, பிளாஸ்கைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இது வேற மாதிரி இருக்கும்மா. தாகம் அடங்கல."

"இப்புடித்தாங்க," என்றாள் இருளாயி. "மேல் லயமே இப்புடித்தான். எந்தத் தண்ணி குடிச்சாலும் அடங்காது, அந்தத் தண்ணிதான் வேணும். சரிங்கய்யா. எழுத வேணாம். மேடையில எல்லாருக்கும் முன்னுக்கு ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டுங்க. நீங்க குடிச்சிட்டா நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

"குடிக்காம? கட்டாயம் குடிப்பேன்!" என்றார் தங்கையா, நெடும்பயணத்துக்கு ஒத்திகை பார்த்த அதே கைவீச்சோடு.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். கையில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினார். விரல்நுனியில் அந்த ஏற்றமும் இறக்கமும் போகவில்லை.

சனிக்கிழமை காலையில் அழகமுத்து வந்தார். மேடையிலேயே ஒரு பைப்பு பூட்டி, தொட்டியிலிருந்து நேரே தண்ணீர் வரச் செய்திருக்கிறாராம். டாக்டரய்யா பைப்பைத் திறந்து, பிடித்து, குடிக்க வேண்டும். பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள்.

"நீங்களே குடிக்கலாமே தலைவரே. சனங்களோட தலைவரு நீங்க."

"எனக்குச் சளிங்க ஐயா, பச்சத் தண்ணி ஆகாது."

"பெரிய தொரை?"

"அவரு சோடாதான். அந்தத் தண்ணிக்கு டாக்டருன்னு ஒருத்தரு கையெழுத்து வச்சிருக்கையில வேற ஆளு எதுக்குங்க?" அழகமுத்து வெற்றிலைக் கறைப் பல்லைக் காட்டிச் சிரித்தார். அவர் லயத்தில் இருந்து பஸார் வீட்டுக்குக் குடிபோய் ஒன்பது வருடமாகிறது.

அன்று பின்னேரம் மூன்று மணிக்குத் தங்கையா தொட்டியைப் பார்க்கக் கிளம்பினார். தூறல் ஓயவில்லை. மனதில் ஒரு சின்ன ஆசை இருந்தது. சுவரில் ஒரு விரலளவு பாசி, தண்ணீரில் ஒரு தவளைக்குஞ்சு, எதுவானாலும் சரி. உயிருள்ள ஏதாவது ஒன்று அந்தத் தண்ணீரில் இருந்தால் தானும் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். கொசுப்புழுவுக்கு எதிராக இருபத்தாறு வருடம் பிரசங்கம் செய்த மனிதர் அன்று ஒரே ஒரு கொசுப்புழுவுக்காக முருகனுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டார்.

முழங்காலுக்குக் கீழே சவர்க்காரம் பூசி, காலுறையைக் காற்சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, குடையும் டார்ச்சும் ஸ்டெதஸ்கோப்புமாக ஏறினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே பாதை ஒரு வாய்க்கால்போல ஓடியது; இருபுறமும் சில்வண்டுகள் இரும்பை அரத்தால் தேய்ப்பதுபோல் ஓயாமல் இரைந்தன; ஈரமண்ணும் அழுகிய இலையும் எங்கோ மூட்டிய விறகடுப்பின் புகையும் கலந்த வாசம் மூக்கில் வந்து ஒட்டிக்கொண்டது; ஒவ்வொரு புல்நுனியிலும் ஓர் அட்டை எழும்பி நின்று, குருடன் கைநீட்டுவதுபோல அவர் இருக்கும் திசையைத் தேடியது. காலுறையில் ஏழெட்டு ஏறிவிட்டன. ஒன்றைப் பிடுங்கினால் இரண்டு ஏறின. அவர் முனகிக்கொண்டும் துள்ளிக்கொண்டும் நடந்தார்.

தொட்டிக்கு முப்பது அடி இருக்கும்போது அட்டைகள் விழத் தொடங்கின.

அவர் பிடுங்கவில்லை. அவையாகவே சுருண்டு விழுந்தன. காலுறை சுத்தமானது. அதற்குச் சந்தோஷப்பட வாயெடுத்தவருக்கு, சில்வண்டுச் சத்தமும் நின்றுவிட்டது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தார். இரண்டு எட்டுப் பின்னால் போனார், இரைந்தது. முன்னால் வந்தார், நின்றது. யாரோ கோடு கிழித்து வைத்ததுபோல.

தொட்டி மட்டும். வெள்ளையாக. இந்த மழையில் வேறெதுவும் அத்தனை வெள்ளையாக இருந்ததில்லை. கல்வெட்டில் அவருடைய பெயர் புத்தம் புதிதாக இருந்தது.

ஏணியில் ஏறி மூடித் தகட்டை நகர்த்தினார். உள்ளிருந்து வந்த காற்றில் மணமே இல்லை. சேறு, சீமெந்து, துரு, எதுவும் இல்லை. டார்ச்சை அடித்தார். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. கொசுப்புழு இல்லை. மிதக்கும் இலை இல்லை. தொட்டியின் ஆழம் ஆறடி. கட்டும்போது அவரே பக்கத்தில் நின்று பார்த்தது. வெளிச்சம் ஆறடி போனது. பிறகும் போனது. கீழே, கீழே, நிறம் மாறாமல் போய்க்கொண்டே இருந்தது. அடி தெரியவில்லை.

மடக்.

தங்கையா மூச்சை நிறுத்தினார்.

தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. சுவரில் ஈரக்கோடு.

மடக். இன்னொரு விரற்கடை.

லயத்துப் பைப்புகளை ஐந்து மணிக்குத்தான் திறப்பார்கள். இப்போது மூன்றரை. யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. எடுக்க முடியாது.

மடக். மடக். நிதானமாக. பெரிய தொண்டை. அவசரமில்லாத தொண்டை.

டார்ச்சை இன்னும் கீழே நீட்டினார். வெளிச்சம் தண்ணீரில் ஆடியது. சத்தம் நின்றது.

கவனித்துவிட்டது.

அவர் அசையவில்லை. கீழே இருந்ததும் அசையவில்லை. பிறகு, மிக அருகில், மிகத் தெளிவாக, மறுபடியும் மடக் என்றது. இந்தத் தடவை அது தொட்டியிலிருந்து வரவில்லை. அவருடைய கழுத்திலிருந்து வந்தது. அவர் விழுங்கவில்லை. வாய் திறந்திருந்தது.

ஏணியில் எத்தனை படி மிதித்தார் என்பது அவருக்குத் தெரியாது. பாதி வழியைக் காலாலும் மீதியைப் பின்பக்கத்தாலும் கடந்து, இரண்டு தேயிலைப் பாத்திகளைச் சறுக்கிக்கொண்டே தாண்டி, மேல் லயத்துக் கோழிக்கூட்டின்மேல் போய் நின்றார். கோழிகள் கத்தின. "என்னாங்க டாக்டரய்யா, வயித்தோட்டமா?" என்று யாரோ கேட்டார்கள். ஆம் என்று சொல்லிவிட்டார். அது மரியாதையான பதிலாகப் பட்டது.

அன்று மாலையே தாகம் தொடங்கியது. வீட்டுப் பைப்பில் குடித்தார், அடங்கவில்லை. தேநீர் குடித்தார். செவ்விளநீர் இரண்டு வெட்டினார். மனைவி வரக்காப்பொலயில் மகன் வீட்டில் இருந்தாள். கேட்க ஆளில்லாததால் குடத்தையே தூக்கிக் கவிழ்த்துக் குடித்தார். வயிறு தோல்பையாகக் குலுங்கியது. நாக்கு மட்டும் உலர்ந்த காகிதமாகக் கிடந்தது. பயம், வெறும் பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விடிந்ததும் கண்ணாடியில் கழுத்தைப் பார்க்கவில்லை. முகச்சவரமும் செய்யவில்லை.

ஆனால் புத்தி வேலை செய்தது. மேடைக்குப் பின்னால் போய், அழகமுத்துவின் காதில் ஓதி, தட்டில் வைத்திருந்த கண்ணாடிக் கிளாஸில் தன் வீட்டுத் தண்ணீரை முன்கூட்டியே நிரப்பிவைத்தார். பைப்பைத் திறந்து பிடிப்பதுபோல் காட்டி, இந்தக் கிளாஸைக் குடித்துவிட்டால் முடிந்தது. அழகமுத்து கண்ணடித்தார். இத்தகைய காரியங்களில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

வாழைமரம், குருத்தோலைத் தோரணம், கரகரக்கும் ஒலிபெருக்கி. பத்து மணிக்குத் தூறல் விட்டது. பெரிய துரை சோடாவோடு உட்கார்ந்தார். கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் இரண்டு பேர் நேரத்தைப் பார்த்தார்கள். தங்கையாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மைக்கைப் பிடித்தார்.

"மனிதகுலத்தின் வரலாறு..." என்றார். குரல் வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "நெடும்..." என்று கையை மட்டும் வீசினார். சனங்கள் அதைப் புரிந்துகொண்டு கைதட்டினார்கள்.

தட்டைத் தூக்கிக்கொண்டு இருளாயி வந்தாள். மேல் லயத்து மாதர் சங்கத்தின் சார்பில் அவளை நிறுத்தியது அழகமுத்துவின் யோசனைதான். படத்துக்கு நன்றாக இருக்கும் என்று சொல்லியிருந்தார். தட்டில் கிளாஸ் காலியாக இருந்தது.

தங்கையா அவளைப் பார்த்தார்.

"பூச்சி விழுந்து கெடந்திச்சுங்க. கொட்டிட்டேன்," என்றாள் இருளாயி, மைக்குக்குக் கேட்கும்படி. "பைப்பத் தொறக்கட்டுங்களா டாக்டரய்யா?"

அவள் திறந்து கிளாஸைப் பிடித்தாள். தண்ணீர் வெள்ளிக்கம்பிபோல் இறங்கியது.

மூன்றாவது வரிசையில் சுகந்தினி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்திலும் பின்னாலும் துவாய் கட்டிய கழுத்துகள். நேற்றுவரை அவர் எண்ணியது பதினொன்று, பிள்ளையோடு பன்னிரண்டு. இன்று இருபது இருக்கும். யாரும் இருமவில்லை. எல்லோரும் பைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அந்த நாலு வரியை இப்போது சொல்லலாம். தண்ணீர் சரியில்லை, நிறுத்துங்கள், மாதிரி எடுத்ததில் தப்பு என்னுடையது, பீலியைத் திறவுங்கள். அவ்வளவுதான். சுகந்தினி அவரையே பார்த்தாள். அவர் அழகமுத்துவைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், படம் பிடிக்கும் பெட்டியைப் பார்த்தார், தோளிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார்.

கிளாஸை வாங்கிக் குடித்தார்.

குளிர்ந்திருந்தது. இனித்தது. சனிக்கிழமையிலிருந்து எரிந்துகொண்டிருந்த தொண்டையில் அது இறங்கிய இடமெல்லாம் ஆறியது. இப்படி ஒரு தண்ணீரை அவர் ஆயுளில் குடித்ததில்லை. கைதட்டல் எழுந்தது. அவர் கிளாஸை நீட்டினார். இருளாயி நிரப்பினாள். குடித்தார். நீட்டினார். துரை சிரித்தார். கொழும்புக்காரர்களும் சிரித்தார்கள். நாலாவது. ஐந்தாவது. சிரிப்பு குறைந்தது.

"போதுங்க ஐயா," என்றார் அழகமுத்து பல்லிடுக்கில். "படம் எடுத்துட்டாங்க."

தங்கையா கிளாஸையும் மைக்கையும் கீழே போட்டார். கிளாஸ் உடைந்தது. மண்டியிட்டு, பைப்பின் கீழே முகத்தைக் கொடுத்தார்.

மடக்.

மைக் தரையில் கிடந்தது. சத்தம் ஒலிபெருக்கியில் ஏறி மலையெல்லாம் கேட்டது. மடக். மடக். மூன்றாவது வரிசையில் துவாய்கள் அசைந்தன. இருபது கழுத்துகளும் ஒரே நேரத்தில் ஏறின, ஒரே நேரத்தில் இறங்கின. வாய்கள் திறந்திருந்தன. யாரும் எதையும் குடிக்கவில்லை. மேடைப் பலகைக்குக் கீழே, மண்ணுக்குள், அதே தாளத்தில் இன்னொன்று விழுங்கியது. பெரிய துரையின் சோடாப் போத்தல் மேசையில் நடுங்கி நகர்ந்தது.

இருளாயி தட்டை வைத்துவிட்டு இறங்கினாள். மகளின் கையைப் பிடித்து எழுப்பி, யாரிடமும் சொல்லாமல் கீழ் லயத்துப் பீலிக்குப் போகும் பாதையில் இழுத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளை திரும்பித் திரும்பிப் பைப்பையே பார்த்தது. மற்றவர்கள் கதிரையை விட்டு எழுந்து, சத்தமில்லாமல், மேடைக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள்.

தங்கையா நிறுத்தவில்லை. வயிறு உப்பிப் பொன்னாடை விலகியது. கண்கள் திறந்தபடி இருந்தன. அவற்றின்மேலும் தண்ணீர் விழுந்து ஓடியது. அவர் இமைக்கவில்லை. அழகமுத்து பைப்பை இறுக்கி மூடினார். தண்ணீர் நிற்கவில்லை.

அந்த வேகத்தில் தங்கையாவின் மேல்வரிசைப் பற்கள் கழன்று விழுந்து, மேடையோரத்துத் தண்ணீர்க் கானில் இரண்டு முழம் ஓடி, ஒரு வாழைப்பழத் தோலில் தட்டி நின்றன. டாக்டரய்யாவுக்குக் கட்டுப்பல் என்பது அன்றைக்குத்தான் தோட்டத்துக்குத் தெரிந்தது.